அனல் மின் நிலையங்களை இப்போதே மூடினால் என்ன?

சூரிய மின்சாரம் இவ்வளவு மலிவாகிவிட்ட பிறகும் நிலக்கரியால் நன்மை ஏதும் இருக்கிறதா, அனல் மின் நிலையங்களை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு அனல் மின் நிலையத்தில் கரி கையாளும் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் ஊர்க் கரி சுமார் 700 கிராம் எரிய வேண்டும். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் எங்கோ ஒரு கொதிகலனில் இரண்டு கைப்பிடிக்கு மேல் கரி போயிருக்கும். 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,500 டன். அதாவது ஒரு முழு சரக்கு ரயில். தமிழ்நாட்டில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைத் தவிர வேறு கரிச் சுரங்கம் கிடையாது. ஒடிசாவின் தால்ச்சரில் தோண்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கப்பலில் ஏற்றி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவருகிறார்கள். மேட்டூருக்கு அங்கிருந்து இன்னொரு ரயில் பயணம் வேறு.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் கொண்டுவர வேண்டும்? கரியைக் குவித்து வைக்கலாம் என்பதுதான் காரணம். யார்டில் பதினைந்து நாள் கரி இருந்தால் பதினைந்து நாள் மின்சாரம் கையில் இருக்கிற மாதிரி. காற்று நின்றாலும், மழை மேகம் மூடினாலும், ராத்திரி ஏழு மணிக்கு ஊர் முழுக்க விளக்கும் ஏசியும் போட்டாலும் கொடுக்க முடியும். முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகக் கொடுக்கும். அதற்கப்புறம் குறைந்துவிடும். சூரிய மின்சாரமோ மாலை ஆறு மணிக்கு விடைபெற்றுவிடும். கோடையில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை இப்போது 20,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது.

மின்சாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. என் சித்தப்பா மகன் கோவையில் நான்கு லேத் வைத்திருந்தான். மின்சாரம் வருகிற நேரம் பார்த்து நடுராத்திரியில் ஆட்களை எழுப்பி வேலை வாங்கினான். கடைசியில் இரண்டு லேத்தை விற்றுத்தான் கடனை அடைத்தான். அதனால் "நாளைக்கே மூடுங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வரும்.

சரி, தீமைக்கு வருவோம். புகைபோக்கியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு போகிறது, கந்தக டை ஆக்சைடு போகிறது, கொஞ்சம் பாதரசமும் போகிறது. அதெல்லாம் உண்மை. ஆனால் உள்ளே வேலை பார்த்தவனுக்கு உறுத்துவது சாம்பல். இந்தியக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல்தான். அந்த 3,500 டன்னில் 1,200 டன்னுக்குக் குறையாமல் சாம்பலாக வெளியே வரும். ஒரு நாளைக்கு, ஒரு இயந்திரத்துக்கு! கரியை முகத்துக்குப் போடும் பவுடர் போல அரைத்துத்தான் கொதிகலனுக்குள் ஊதுகிறோம். எனவே சாம்பலும் அதே மாதிரி மெல்லியது. அதைப் பிடிக்கும் நிலைமின் வடிப்பான் ஒழுங்காக இருந்தால் பெரும்பகுதி பிடிபடும். உலர் சாம்பலை சிமென்ட் கம்பெனிகளும் செங்கல் சூளைக்காரர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். இது நல்ல விஷயம், நானே என் வீட்டுச் சுற்றுச்சுவரை சாம்பல் கல்லில்தான் கட்டினேன். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் உடைந்தால் ஆபத்து. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அப்படிக் கலந்த சாம்பல், இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் பிழைப்பைக் கெடுத்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்த மீனவர்களின் வீட்டு விளக்குக்கும் நம் வீட்டு விளக்குக்கும் ஒரே கட்டணம்தான். கழிமுகத்தை இழந்தது அவர்கள் மட்டும்.

எங்கள் பிரிவிலும் கஷ்டம் இருந்தது. குவித்த கரி தானாகவே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும், இறக்குமதியாகி வரும் இந்தோனேசியக் கரி இன்னும் சீக்கிரம். புல்டோசரை மேலே ஓட்டி அமுக்கி, தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்கரி சரிவுக் குழாயில் அடைத்துக்கொள்ளும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் கடப்பாரையோடு போய்க் குத்தி இறக்குவார்கள். பலர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள், சரியான முகமூடி கேட்டு வாங்கவே எங்களுக்கு வருடங்கள் ஆனது. அவர்களில் இரண்டு பேர் இன்று நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறார்கள். நிரந்தர ஊழியனான எனக்கு மருத்துவ வசதி உண்டு, அவர்களுக்கு இல்லை. இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: புதிதாக ஒன்றுகூடக் கட்டக் கூடாது. இருப்பதில் பழையதிலிருந்து வரிசையாக மூட வேண்டும். எண்ணூரின் பழைய நிலையத்தை 2017இல் மூடினார்கள், வானம் இடிந்துவிடவில்லை. ஆனால் மூடும் வேகத்தை மாலை ஏழு மணிதான் தீர்மானிக்கும். பகல் மின்சாரத்தை ராத்திரிக்கு எடுத்துவைக்க வழி வேண்டும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு அது பல வருடமாகவே நடக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தா பக்கமும் இதே மாதிரி 500 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம் எடுத்திருக்கிறார்கள். பேட்டரி விலையும் இறங்கிக்கொண்டே வருகிறது. இப்படி ஒவ்வொரு 200 மெகாவாட் சேரும்போதும் ஒரு பழைய கொதிகலனை நிம்மதியாக அணைத்துவிடலாம்.

அதுவரை, பகலில் சூரிய மின்சாரம் வரும்போது அனல் நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்து, மாலையில் மறுபடி ஏற்றுகின்றன. கொதிகலனை ஒரேயடியாக அணைக்க முடியாது. ஆறிப்போனால் திரும்பச் சூடேற்றப் பல மணி நேரமும் நிறைய எண்ணெயும் வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் கொதிகலன் குழாய்கள் சீக்கிரம் களைத்துப்போகும். உங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் இவற்றைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள். மாலை ஆறிலிருந்து பத்து வரை அவற்றை ஓட்டாதீர்கள். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் வீட்டில் அப்படித்தான்.