உளவுத்துறைக்குப் போகணும் என்கிற மகள்: தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சிக்கு வணக்கம்.

பி.காம். கடைசி வருஷம் படிக்கும் மகள் "ஐ.பி. (மத்திய அரசின் உளவுத்துறை), இல்லாவிட்டால் என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை)" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து "பேசாமல் சி.ஏ. முடிக்கச் சொல்லு" என்கிறார். நடுவில் நீங்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். "பொம்பளைப் பிள்ளைக்குத் துப்பாக்கியும் கையுமா ஒரு வேலை தேவையா தம்பி?" என்று எழுதியிருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவள் மனதில் இருக்கும் படமும் உங்கள் மனதில் இருக்கும் படமும் சினிமாவிலிருந்து வந்தவை. அவளுக்கு அது ஆசையாகத் தெரிகிறது, உங்களுக்குப் பயமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உள்நாட்டுப் பாதுகாப்பிலும் குற்றப் புலனாய்விலும் இருப்பவர்களின் நாளில் பெரும்பகுதி காகிதத்தோடும் கணினியோடும்தான் போகிறது. படித்துப் பார்ப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது, ஆளைப் பார்த்துப் பேசுவது, பேசியதை எழுதிவைப்பது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வேலையில் ஆளைக் கழித்துக்கட்டுவது பொறுமையின்மை. பயம் இரண்டாவதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒருவரை வீடியோ காலில் "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. இதை ஊரில் எல்லாரிடமும் சொல்லுங்கள்.) அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கிறார். பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போயிருக்கும். சில நிமிஷத்தில் அது ஏழெட்டாகப் பிரிந்து வேறு வேறு வங்கிகளுக்கு, அங்கிருந்து இன்னும் சிறிதாகப் பிரிந்து ஏ.டி.எம்.மில் ரொக்கமாக வெளியே வந்திருக்கும். விசாரிக்கிறவர் ஒவ்வொரு வங்கிக்கும் எழுதி, எங்கெங்கே பணம் மிச்சம் நிற்கிறதோ அங்கெல்லாம் முடக்கச் சொல்லி, கணக்கு தொடங்கிய ஆவணங்களை வாங்கி, எந்த நேரத்தில் எந்தப் போனிலிருந்து யார் அந்தக் கணக்கை இயக்கினார்கள் என்று வரிசைப்படுத்துவார். நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரே போன் எண் இரண்டு இடத்தில் வந்திருப்பதைக் கண் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் போதாது. செல்பேசிப் பதிவும் சி.சி.டி.வி. பதிவும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும். அது விட்டுப்போனால் மாதக்கணக்கில் பட்ட பாடு வீண்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். வீட்டுக் கல்யாணத்து மொய் நோட்டில் கூட்டல் தப்பு இருப்பதைப் பதினைந்து வயதில் அவள் கண்டுபிடித்தாள் என்று குறையாகச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் பட்டது. நம் பக்கத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள் பெட்டியடிப் பையனாக ஓர் ஆளைச் சேர்த்து, அடுத்தாள், மேலாள் என்று வருஷக்கணக்கில் பழக்கித்தான் ஏஜெண்டாக அனுப்பினார்கள். பேரேட்டில் ஒரு காசு இடித்தாலும் ஐந்தொகை கட்டாது, அந்தக் காசு எங்கே போனது என்று தேடாமல் படுக்கக் கூடாது. இன்று சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்குகளை நடத்தும் அமலாக்கத் துறைக்கு வேண்டியது இதே குணம்தான். வணிகவியல் படித்த பிள்ளைக்கு இந்தத் துறையில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொருளாதாரக் குற்றங்களில் அவளுக்குத்தான் முதல் இடம். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்து, அதற்கென்று காவல்துறையில் பொருளாதாரக் குற்றப்பிரிவும் வைத்திருக்கிறது. ஏலச்சீட்டிலும் நிதி நிறுவனத்திலும் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்களை நம் வட்டாரத்தில் நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

ஐ.பி.யும் என்.ஐ.ஏ.வும் ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் போலத் தெரிகிறது. அதை அவளுக்கு நன்றாகப் புரியவைக்க வேண்டும். 1887-இல் தொடங்கிய ஐ.பி. தகவல் சேகரிக்கும் அமைப்பு. கைது செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை, வழக்கு நடத்துவதும் இல்லை. என்.ஐ.ஏ. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, அந்த வருஷமே சட்டம் இயற்றி உண்டாக்கப்பட்டது. பயங்கரவாத வழக்குகளை விசாரித்துக் குற்றப்பத்திரிகை போடுவது அதன் வேலை. 1963-இல் வந்த சி.பி.ஐ.யும் புலனாய்வு அமைப்புதான். ஐ.பி.யில் இருப்பவர் தன் வேலையின் பலனைத் தன் பேரில் என்றைக்கும் பார்க்கமாட்டார். என்.ஐ.ஏ.விலோ சி.பி.ஐ.யிலோ இருப்பவர் கூண்டில் ஏறி வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் எது தன் சுபாவத்துக்கு ஒத்துவரும் என்று அவள்தான் யோசிக்க வேண்டும். இதை யோசிக்காமல் கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வழிகளைச் சொல்கிறேன். ஐ.பி.யில் ஏ.சி.ஐ.ஓ. (உதவி மத்திய உளவு அதிகாரி) பணிக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், வயது 18 முதல் 27 வரை. முதல் கட்டம் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள், நான்கு தப்புக்கு ஒரு மதிப்பெண் போகும். அடுத்து 50 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு, பிறகு 100 மதிப்பெண்ணுக்கு நேர்காணல். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது, அதன்மேல் 20 சதவீதம் பாதுகாப்புப் படி. 2023-இல் 995 இடங்களுக்கும், 2025-இல் 3,717 இடங்களுக்கும் அறிவிப்பு வந்தது. எப்போது வரும், எத்தனை வரும் என்று கணிக்க முடியாத தேர்வு இது. அதனால் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு ஆண்டுதோறும் வருவது. சி.பி.ஐ., என்.ஐ.ஏ., போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ஆகியவற்றில் சப்-இன்ஸ்பெக்டர், அமலாக்கத் துறையில் உதவி அமலாக்க அதிகாரி, வருமான வரி இன்ஸ்பெக்டர், சுங்கத்தில் பிரிவென்டிவ் ஆபீசர் (கடத்தல் தடுப்பு அதிகாரி) எல்லாம் இந்த ஒரே வாசல்தான். என்னைக் கேட்டால் உங்கள் மகள் இதையே முதல் குறியாக வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். கணக்கில் அவளுக்குப் பயமில்லை, ஆங்கிலத்தில்தான் உழைக்க வேண்டும். தினமும் ஒரு தலையங்கத்தைப் படித்து, அதையே பத்து வரியில் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதட்டும். தேர்வுக்கும் உதவும், பிறகு அறிக்கை எழுதவும் உதவும். சி.பி.ஐ., என்.ஐ.ஏ. சப்-இன்ஸ்பெக்டருக்குப் பெண்கள் 150 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டுச் சீருடைப் பணியாளர் தேர்வில் எஸ்.ஐ. ஆக வேண்டுமானால் பொதுவாக 159 சென்டிமீட்டர் கேட்பார்கள், ஓட்டமும் தாண்டுதலும் உண்டு. அதில் சேர்ந்து கொஞ்ச காலம் காவல் நிலையத்தில் வேலை கற்றவர்கள் பின்னால் கியூ பிரிவு (மாநிலக் காவல்துறையின் ஓர் உளவுப் பிரிவு), சி.பி.சி.ஐ.டி., சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு என்று போக முடியும். கியூ பிரிவு நமக்குத் தூரமில்லை. தொண்டிப் பக்கக் கடற்கரையில் கடல் அட்டை, பீடி இலை கடத்தல் பிடிபட்டது என்று நீங்கள் பேப்பரில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் கை வைத்த விஷயம்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் தனிப்பிரிவு உதவியாளர் என்று ஒரு பதவி இருக்கிறது. காவல்துறை நுண்ணறிவுப் பிரிவில் அலுவலக வேலை. நிறையப் பேர் கண்ணில் படாமலே போகும் பதவி அது.

சிலைக் கடத்தலைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் அதைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் நம் கோயில் சிலைகளை எப்போதோ எடுத்துவைத்த புகைப்படங்கள் இருந்தன. அந்தப் பழைய படத்தையும் கலைக்கூடத்தில் நின்ற சிலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதும் உண்மை தெரிந்தது. 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். கடத்தியவனுக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் வேறொரு கோயிலின் சிலைக் கடத்தல் வழக்கில் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. பிள்ளையார்பட்டியும் வைரவன்பட்டியும் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் சொந்தக்காரர் ஒருவர் "டெல்லியில் ஆள் இருக்கிறது, எட்டு லட்சம் கொடுத்தால் ஐ.பி.யில் போட்டுவிடலாம்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும், அதில் குறிப்பிட்ட கட்டணம் மட்டும்தான் செலவு. காசு கொடுத்து வேலை வாங்க முயன்றது தெரிந்தாலே அவள் வாழ்நாள் முழுக்க எந்த அரசு வேலைக்கும் தலை நிமிர முடியாது.

தேர்வான பிறகு பின்னணி விசாரணை உண்டு. அதற்கான படிவத்தில் குடும்பத்தார் விவரம், தங்கிய ஊர்கள், வழக்கு ஏதும் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். அண்ணன் சிங்கப்பூரில் இருப்பதை உள்ளபடி எழுதட்டும். மறைப்பதுதான் வினை. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: சின்ன விஷயமாக இருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம், தகவலை மறைத்திருந்தால் வேலையையே ரத்து செய்யலாம். இன்னொன்று, கல்லூரியில் தோழிகள் யாராவது "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, ஐயாயிரம் தருகிறார்கள்" என்றால் கண்டிப்பாக மறுக்கச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன மோசடியில் பணம் பிரிந்து போவது இப்படி வாடகைக்கு விட்ட மாணவர் கணக்குகள் வழியாகத்தான். விளையாட்டாகக் கொடுத்துவிட்டு வழக்கில் பெயர் ஏறிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கல்யாணம் பற்றிய உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியா முழுக்க எங்கே வேண்டுமானாலும் மாற்றுவார்கள், முதல் சில வருஷம் வடக்கே இருக்க நேரலாம். உளவு அமைப்பில் இருப்பவர்கள் பத்திரிகையோடு பேசவோ சங்கம் சேரவோ 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வீட்டிலும் வேலை விஷயம் பேசமாட்டாள், நீங்களும் கேட்கக் கூடாது. இதைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மறுபக்கம், மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு, குழந்தை பராமரிப்புக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் வரை அனுமதி பெற்று எடுக்கலாம். தனியார் வேலையில் இப்படிக் குழந்தை பராமரிப்பு விடுப்பு கிடைப்பது அபூர்வம்.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள்: சி.ஏ.வும் இதுவும் எதிரெதிர் இல்லை. பட்டம் முடிந்து இரண்டு வருஷம் சி.ஜி.எல்., ஏ.சி.ஐ.ஓ., குரூப் 2 மூன்றையும் எழுதட்டும். கிடைக்காவிட்டால் சி.ஏ. பக்கம் திரும்பலாம். சி.ஏ. முடித்தவர்களுக்குப் பட்டயக் கணக்காளர் கழகமே (ஐ.சி.ஏ.ஐ.) தடயக் கணக்கியல் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. மோசடியைக் கண்டுபிடிக்கும் வேலை வங்கிகளிலும் பெரிய தணிக்கை நிறுவனங்களிலும் நிறைய இருக்கிறது. அவள் ஆசைப்படும் வேலைக்கு அது வெகு தூரமில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வகுப்பு மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருந்தால், அதற்கான நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்று காட்டும்) சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பள்ளியில் சேரும்போது வாங்கிய மாநில சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. இந்த ஒரு காகிதம் இல்லாமல் வயதுச் சலுகை இழந்த பிள்ளைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்த மனுக் கொடுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை அவளைக் காரைக்குடிக்கு அனுப்புங்கள். தனியாக வரட்டும் ஆச்சி, நான் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.