வாசலில் பித்தளைக் கல்: துலக்கலாமா, மிதிக்கலாமா?

கேள்வி: பெர்லினில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கட்டட வாசல் நடைபாதையில் பெயர் பொறித்த மூன்று பித்தளைக் கற்கள் கறுத்துப்போய்க் கிடக்கின்றன. நாஜிகள் கொன்ற யூதக் குடும்பம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாங்களே துலக்கலாமா? புளி போடலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, பெயர் எழுதிய கல்லை மிதிக்கக் கூடாது என்று சுற்றிச் சுற்றிப் போகிறார்.

பதில்: தாராளமாகத் துலக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நவம்பர் 9, ஜனவரி 27 ஆகிய நாள்களையொட்டிப் பலரும் வாளியும் துணியுமாக இறங்கிவிடுவார்கள். முதலாவது 1938இல் யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் சூறையாடிய இரவு. அடுத்தது 1945இல் ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட நாள்.

புளி வேண்டாம். பளபளக்கும்தான், ஆனால் சரியாக அலசாவிட்டால் சீக்கிரமே மறுபடி கறுக்கும். தகட்டுக்கு அடியில் இருப்பது கான்கிரீட் கட்டி, அதற்கும் புளிப்பு ஆகாது. முதலில் தண்ணீர் விட்டு மண்ணை எடுங்கள். பிறகு கடையில் விற்கும் பித்தளை பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலரவிடுங்கள். கம்பி நார், கம்பி பிரஷ் கூடவே கூடாது. எழுத்துகள் கையால் அடித்துப் பொறித்தவை.

'ஷ்டோல்பர்ஷ்டைன்' என்னும் இந்தக் கற்களைத் தொடங்கியவர் குன்டர் டெம்னிக் என்ற சிற்பக் கலைஞர். 1992இல் கொலோன் நகர மன்றத்தின் முன் முதல் கல்லைப் பதித்தார். 1996இல் பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க்கில் பதித்தபோது அனுமதிகூட வாங்கவில்லை. 2023இல் நியூரம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது. கல்லில் பெயருள்ளவர் கடைசியாகத் தன் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் வாசலில்தான் கல் வைப்பது வழக்கம். யூதர்கள் மட்டுமல்ல; ஐரோப்பாவின் சின்டி, ரோமா சிறுபான்மை மக்கள், ஊனமுற்றோர், தன்பாலின ஈர்ப்பாளர்கள், நாஜிகளின் அரசியல் எதிரிகள் என எல்லாருக்கும் உண்டு. தப்பிப் பிழைத்தவர்களுக்கும் வைப்பார்கள், பிரிந்த குடும்பம் கல்லிலாவது ஒன்றாக இருக்கட்டும் என்று.

அம்மாவின் சங்கடம் அவருக்கு மட்டும் உரியதல்ல. மூனிக் யூத சமூகத் தலைவர் ஷார்லோட்டே க்னோப்லோக் இதே காரணத்தைச் சொல்லித்தான் எதிர்த்தார்: கொல்லப்பட்டவர்கள் பெயரை மறுபடி காலால் மிதிப்பதா? அந்த நகரம் தன் தெருக்களில் இவற்றை அனுமதிப்பதில்லை. 2018 முதல் சுவரிலும் தூணிலும் கண் மட்டத்தில் பெயர்ப்பலகை வைக்கிறது. படிக்க வேண்டுமானால் குனிந்தே ஆக வேண்டும், அதுவே ஒரு வணக்கம் என்பது டெம்னிக் தரப்பு. எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. அம்மா சுற்றிப் போகட்டும், திருத்த வேண்டாம்.

கல்லில் உள்ள பெயரை பெர்லின் ஷ்டோல்பர்ஷ்டைன் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பல குடும்பங்களின் கதை அங்கே இருக்கிறது. நடைபாதையைத் தோண்டும் வேலை நடக்கையில் கல்லைக் காணோமென்றால் பதற வேண்டாம், எடுத்து வைத்திருப்பார்கள். வேலை எதுவும் நடக்காமலே காணோமென்றால் உடனே போலீசுக்கும் உங்கள் வட்டார ஷ்டோல்பர்ஷ்டைன் குழுவுக்கும் சொல்லுங்கள். 2017 நவம்பரில் பெர்லினின் நாய்கோல்ன் பகுதியில் பல கற்களைப் பெயர்த்துத் திருடிப் போனார்கள். மக்கள் கொடுத்த நன்கொடையில்தான் புதிதாகப் பதித்தார்கள்.