மே மாதத்தில் வயதானவர்களுடன் ஏசி இல்லாத விடுதிகளில் தங்க முடியுமா?

மே மாத விடுமுறையில் 68 வயது மாமியாரையும் ஆறு வயது மகனையும் அழைத்துக்கொண்டு திருச்சி, மதுரை, இராமேசுவரம் போகிறோம், ஏசி இல்லாத அறைகளில் தங்கினால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் எந்த அறையை எடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. மீதி, நீங்கள் தங்கும் ஊரின் வெப்பம் வறண்டதா புழுக்கமானதா என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டும் தெரியாமல் புறப்பட்டு என் தாயாரை ஒரு பகல் முழுவதும் துன்பப்பட வைத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுத்து ஏசி அறை எடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று சொல்பவர்கள் இருப்பார்கள். எடுக்க முடிந்தவர்கள் தாராளமாக எடுக்கட்டும், நான் அதற்கு எதிரி அல்லள். ஆனால் ஆறு நாள் பயணத்தில் அந்தச் சில நூறு ரூபாய் பல ஆயிரமாகும் குடும்பங்கள் உண்டு. என் தாயாரைப் போல, இரவு முழுவதும் ஏசியில் படுத்தால் மூச்சிரைப்பு வந்துவிடுகிறவர்களும் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் கிடைக்கிறது என்பதால், வெயில் தணிந்த பிறகு போங்கள் என்ற அறிவுரையாலும் பயன் இல்லை.

2019ஆம் ஆண்டு, அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தபோது, அப்போது 71 வயதான அம்மாவையும் என் இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு திருச்சியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். திருவானைக்காவலில் உச்சிக்காலப் பூசையின்போது அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்பாளாகவே சுவாமி சன்னிதிக்கு வந்து வழிபடுவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாளைய ஆசை. அது அப்புத் தலம், அதாவது ஐம்பூதங்களில் நீருக்குரிய சிவத்தலம். கருவறைக்குள் நீர் ஊறிக்கொண்டிருக்கும். ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரத்தின் முன்னே நின்றபோது அம்மா முகம் தெளிந்து நன்றாகவே இருந்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது மணி ஏறக்குறைய ஒன்று. ஆட்டோ பிடித்து அறைக்குத் திரும்பி மூன்று மாடி ஏறினோம்.

அந்த அறைக்கு மேலே வேறு மாடி இல்லை, மொட்டை மாடிதான். நீளச் சுவர் மேற்கே பார்த்திருந்தது. காலை முதல் காய்ந்த கான்கிரீட் தளத்தின் அடியில் தேங்கி நின்ற சூட்டை மின்விசிறி அப்படியே எங்கள் தலைமேல் இறக்கியது. அம்மாவின் கால்களைக் கழுவிவிடலாம் என்று குழாயைத் திறந்தால், மொட்டை மாடியில் இருந்த கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து வந்த தண்ணீரில் கைவைக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்த அம்மா தலை சுற்றுகிறது என்றார். சற்று நேரத்தில் இரு கெண்டைக்கால்களும் பிடித்துக்கொண்டன. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று வியர்த்திருந்தது. காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னார்: போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து, காபிக்குப் பிறகு ஒன்றுமே குடிக்கவில்லை.

இதைப் படிக்கும் ஆண்களில் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம், பெண்களுக்கு இருக்காது. கோயில் நகரங்களில் வயதான பெண்கள் வெயிலில் மயங்கி விழுவதற்கு வெயில் மட்டும் காரணம் அல்ல. தூய்மையான கழிப்பறை வழியில் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாததால் வேண்டுமென்றே தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். உங்கள் மாமியாரும் இதைச் செய்வார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று நீங்கள் முன்னதாகப் பார்த்துவைத்து அவரிடம் சொன்னால், கேட்காமலே தண்ணீர் குடிப்பார்.

கீழே இருந்த மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுத்தேன். (ஒரு டம்ளரில் கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்கும் பழக்கம் தவறு, உப்பின் அளவு கெட்டுவிடும்.) ஈரிழைத் துண்டைக் குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து பிடரியிலும் தோளிலும் போட்டேன். அப்போது அம்மாதான், கத்திரி வெயிலில் சிவன் கோயில்களில் இலிங்கத்தின் மேல் தாராபாத்திரம் கட்டித் துளித்துளியாகத் தண்ணீர் விடுவதை நினைவூட்டி, மொத்தமாக நனைக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டே இரு என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. உடம்பைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, அது ஆவியாவதுதான். ஒரு லிட்டர் நீர் தோலின் மேலிருந்து ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சொட்டச் சொட்ட நனைத்த துணியிலிருந்து வழிந்து தரையில் விழுகிற நீரால் அந்தப் பயன் கிடையாது. லேசான ஈரமும் அதன்மேல் ஓடும் காற்றும்தான் வேலை செய்யும். ஒரு மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

வேறு அறை இல்லவே இல்லை என்று மேலாளர் கைவிரித்துவிட்டார். தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்த ரூம் பாய்தான், தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, தெரு தெரியாததால் யாரும் கேட்பதில்லை அக்கா என்று மெதுவாகச் சொன்னார். உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மேலே எங்கள் அறைச் சுவர், தோசை சுட்டு முடித்த பிறகு அடுப்பங்கரைச் சுவர் இருப்பதைப் போலக் காந்தியது. இங்கே அந்தக் காந்தல் துளியும் இல்லை. சன்னல் வடக்கே ஒரு வேப்பமரத்தைப் பார்த்திருந்தது. தரை பழைய சிவப்புச் சிமென்ட். மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோரைப்பாயில் வெறும் பருத்தித் துணியை விரித்து நாலு பேரும் தரையில் படுத்தோம். இரவு இரண்டு மணிக்கு மேல் அம்மா போர்வை கேட்டார். அதே ஊர், அதே லாட்ஜ், வாடகைகூட அதேதான்.

அன்றிலிருந்து சுவரில் கைவைத்துப் பார்க்காமல் நான் எந்த விடுதியின் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை. மாலையில் போய்ச் சேர்ந்தால் மேற்குச் சுவரையும், கடைசி மாடியாக இருந்தால் குளியலறைக் குழாய்த் தண்ணீரையும் தொட்டுப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குச் சன்னல்களை அடைத்துத் திரையை இழுத்துவிட்டு, வெளியே சூடு தணிந்த பிறகு திறங்கள். பகலெல்லாம் திறந்து வைத்தால் தெருவின் அனலைத்தான் உள்ளே அழைக்கிறீர்கள். விடியற்காலையில், தொட்டித் தண்ணீர் ஆறியிருக்கும்போதே இரண்டு வாளி பிடித்துக் குளியலறையில் மூடி வைத்துவிட்டால், பகலில் அதுதான் உதவும்.

இனி இராமேசுவரம். திருச்சியில் கற்றதைப் பெருமையாக அங்கே கொண்டுபோய், நனைத்த நாலு முழ வேட்டியைச் சன்னலில் வெட்டிவேர்த் தட்டிபோல் கட்டினேன். அறை இட்லிக் கொப்பரையாகிவிட்டது. திருச்சியை விட வெப்பநிலை அங்கே எவ்வளவோ குறைவு. ஆனாலும் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை. நான் அதன்மேல் இன்னும் ஈரத்தைச் சேர்த்துவிட்டேன். இருபத்திரண்டு தீர்த்தமாடி வந்து உலர்த்திய துணிகள் மறுநாள் காலையிலும் ஈரமாகவே கொடியில் தொங்கின. அதைப் பார்த்த பிறகே எனக்கு ஒரு சோதனை பிடிபட்டது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து மின்விசிறிக்குக் கீழே போடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால், அந்த ஊரில் ஈரத்துணி உங்களைக் காப்பாற்றும். காயாமல் கிடந்தால் அறைக்குள் தண்ணீரே தெளிக்காதீர்கள். கடல் பக்கம் சன்னல் உள்ள அறையைக் கேட்டு வாங்கி, சன்னலைத் திறந்து, காற்றை மட்டும் நம்புங்கள். கொசுவுக்குப் பயந்து சன்னலை மூட வேண்டியிராதபடி, வீட்டிலிருந்தே கொசுவலை கொண்டுபோங்கள்.

மின்விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைக் காயவைக்கிறது, அவ்வளவுதான். காற்றே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக இருந்தால் மின்விசிறி உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பே எச்சரிக்கிறது. அத்தகைய பிற்பகலில் அறையிலேயே அடைந்து கிடக்காமல், பகலில் நடை சாத்தாத பெரிய கோயிலாக இருந்தால் அதன் கல் மண்டபத்திலோ, இல்லையென்றால் ஏசி உள்ள ஓர் உணவகத்திலோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வருவது நல்லது. மின்வெட்டு வந்தால் கைகொடுக்க ஒரு பனையோலை விசிறி பையில் இருக்கட்டும்.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். அதனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் பேசினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம், துண்டு நனைத்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். மாமியார் இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இதய நோயாளியாக இருந்தால் நான் எழுதிய எதையும் நம்பிப் பிடிவாதம் பிடிக்காமல், அந்த ஊர்களில் மட்டுமாவது ஏசி அறையே எடுத்துவிடுங்கள்.

மதுரை திருச்சியைப் போன்றதுதான், ஈரத்துணி அங்கே வேலை செய்யும். முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போது, அறை எத்தனையாவது மாடி, அதற்கு மேல் இன்னொரு மாடி இருக்கிறதா, சன்னல் எந்தத் திசை, திறக்க வருமா என்று நான்கையும் கேட்டுவிடுங்கள். பல லாட்ஜ்களில் ஏசி பொருத்தியபோது சன்னலை ஆணியடித்து மூடிவிட்டு, அதே அறையை ஏசியை ஓடவிடாமல் சாதா அறை என்று குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அந்த அறையை மட்டும் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.