கிரேக்கப் புராணங்களில் அதிகம் வரும் கதை வார்ப்பு எது? எல்லா வீரர் கதைகளும் ஒரே அச்சுதானா?

இந்த 'ஒரே அச்சு' பேச்சு பெரும்பாலும் அமெரிக்கப் புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல் வழியாக வந்தது. 1949-இல் அவர் நாயகனின் பயணத்தை 17 கட்டங்களாகப் பிரித்தார். அழைப்பு வரும், தயங்குவான், துணை கிடைக்கும், சோதனைகளைத் தாண்டுவான், பரிசோடு ஊர் திரும்புவான். திரைக்கதை சொல்லித் தரும் இடங்களில் இன்றும் இது ஓடுகிறது.

கிரேக்கக் கதைகள் இதில் முக்கால்வாசி பொருந்தும். ஊர் திரும்பும் இடத்தில்தான் இடிக்கும். ஜேசன் தேடிப்போன தங்க ஆட்டுத்தோலோடு திரும்பியவன்தான். கடைசியில் தன் ஆர்கோ கப்பலின் உளுத்த கட்டை மேலே விழுந்து செத்தான். மன்னன் அகமெம்னான் டிராய் நகரை வென்று வந்தான், வீட்டுக்குள்ளேயே கொலையானான். ஹெராக்ளிஸின் உயிரைக் குடித்தது மனைவி ஆசையாகக் கொடுத்தனுப்பிய அங்கி.

என்னைக் கேட்டால், கிரேக்கர்கள் விடாமல் சொன்ன கதை வேறு. மூத்தவன் தனக்குப் பின்னால் வருபவனைப் பார்த்துப் பயப்படுகிறான். பயந்து என்ன செய்கிறானோ, அதுவே அவனுக்கு வினையாகிறது.

ஆர்கோஸ் மன்னன் அக்ரிசியஸை எடுத்துக்கொள்வோம். மகள் வயிற்றுப் பேரனால் சாவான் என்று குறி சொல்லப்படுகிறது. மகள் டானேயை வெண்கல அறையில் பூட்டுகிறான். தேவர்களின் அரசன் ஜீயஸ் பொன்மழையாக இறங்கி வர, பெர்சியஸ் பிறக்கிறான். தாயையும் பிள்ளையையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விடுகிறான் கிழவன். இந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கவிஞர் சைமனிடீஸ் பாடிய சில வரிகள் மிஞ்சியிருக்கின்றன. வெளியே காற்றும் அலையும் அடிக்க, குழந்தை ஒன்றும் தெரியாமல் தூங்குகிறது. நீ தூங்கு, கடலும் தூங்கட்டும், நம் துன்பமும் தூங்கட்டும் என்கிறாள் டானே. பெர்சியஸ் வளர்ந்து, பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் தலையை வெட்டியதெல்லாம் அப்புறம்தான்; எனக்கு அதைவிட இந்தத் தாலாட்டுதான் பெரிது.

'இது நம்ம கம்சன் கதையாச்சே' என்று தோன்றும். சிறை வரைக்கும் சரி. ஆனால் கண்ணன் கம்சனைத் தெரிந்தே கொல்கிறான், அதற்காகவே பிறந்தவன். பெர்சியஸுக்குத் தாத்தா மீது கொலைவெறி எதுவும் இல்லை. லாரிசாவில் நடந்த போட்டியில் அவன் வீசிய வட்டு தவறிப்போய்க் கிழவன் மேல் பட்டது, அவ்வளவுதான். கொன்றவனுக்கு நோக்கமே இல்லை என்பதுதான் கிரேக்க முத்திரை. அதன்பின் ஆர்கோஸை ஆளக் கூசி, டிரின்ஸ் ஊரோடு அதை மாற்றிக்கொண்டான்.

ஈடிப்பஸ் கதையும் இதே தடம்தான். மகன் கையால் சாவான் என்ற குறிக்குப் பயந்து தகப்பன் மலையில் விடச் சொன்ன பிள்ளை, கொரிந்து மன்னன் வீட்டில் வளர்கிறது; பின்னால் தெரியாமலே பெற்ற அப்பாவைக் கொன்று, அம்மாவை மணக்கிறது. சோஃபோக்ளிஸ் நாடகத்தில் ஒரு இடம் உண்டு. கொரிந்திலிருந்து ஒரு ஆள் வருகிறான்: 'உங்கள் அப்பா பாலிபஸ் இயற்கையாக இறந்துவிட்டார்.' அப்பாவைக் கொல்வாய் என்ற குறி பொய்த்தது என்று ஈடிப்பஸுக்கு நிம்மதி. அம்மாவை மணப்பாய் என்ற மிச்சப் பயத்தையும் போக்கலாம் என்று நல்ல மனதோடு வந்தவன் சொல்கிறான்: 'நீங்கள் அவர்கள் பெற்ற பிள்ளையே இல்லை, நான்தான் உங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன்.' ஆறுதலாகச் சொன்ன அந்தச் செய்திதான் எல்லாவற்றையும் உடைக்கிறது. இந்தத் திருப்பத்தை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டாகவே சொல்கிறார்.

தேவர்களிடமும் இதே வியாதிதான். யுரேனஸை மகன் குரோனோஸ் வீழ்த்தினான். குரோனோஸ் அதே பயத்தில் தன் பிள்ளைகளை விழுங்கினான். ஜீயஸுக்குப் பதிலாகத் துணி சுற்றிய கல்லைக் கொடுத்து ஏமாற்றினாள் தாய் ரியா. அந்தக் கல் என்று ஒன்றை டெல்ஃபியில் காட்டுவார்கள், தினமும் எண்ணெய் ஊற்றுவார்கள் என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பவுசானியஸ் எழுதியிருக்கிறார்.

இந்தச் சங்கிலியிலிருந்து தப்பியவன் ஜீயஸ் மட்டும்தான். கடல்தேவதை தீட்டிஸ் மீது அவனுக்கும் ஆசை இருந்தது. அவளுக்குப் பிறப்பவன் தகப்பனை மிஞ்சுவான் என்று தெரிந்ததும், அவளை பெலியஸ் என்ற மனிதனுக்குக் கட்டிவைத்துவிட்டான். ஆபத்தை மனிதர்கள் தலையில் கட்டினான் என்றும் சொல்லலாம். அந்தக் கல்யாணத்துக்கு அழைக்காத கோபத்தில்தான் சண்டைத் தேவதை எரிஸ் 'பேரழகிக்கு' என்று தங்க ஆப்பிளை உருட்டிவிட்டாள். அது எந்தத் தேவிக்கு என்று தீர்ப்புச் சொன்ன டிராய் இளவரசன் பாரிஸும், கெட்ட சகுனம் என்று பிறந்தவுடன் மலையில் விடப்பட்டுப் பிழைத்தவன்தான். தீர்ப்புக்குக் கூலியாக ஸ்பார்ட்டா மன்னனின் மனைவி ஹெலன் கிடைத்தாள்; டிராய் எரிந்தது.

மலையிலோ ஆற்றிலோ விடப்பட்ட பிள்ளை கிரேக்கச் சொத்து மட்டும் இல்லை. 1909-இலேயே மனோதத்துவ ஆய்வாளர் ஓட்டோ ராங்க் பெர்சியஸ், ஈடிப்பஸ், மோசே வரிசையில் நம் கர்ணனையும் சேர்த்துவிட்டார். அவர் சொன்ன மனோதத்துவக் காரணம் எனக்கு ஒட்டவில்லை. பழைய கிரேக்கத்தில் வேண்டாத குழந்தையை ஊருக்கு வெளியே விட்டுவருவது நிஜமாகவே நடந்தது. அது செத்ததா, யாராவது எடுத்து வளர்த்தார்களா என்று விட்டவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. என்றாவது வாசலில் வந்து நிற்குமோ என்ற கேள்வி எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்! இத்தனை கதைகளுக்கு அந்தக் கேள்வி ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.