நாட்பட்ட சோர்வும் படபடப்பும்: கேள்வி பதில்

கேள்வி: பல மாதமாக அசதி, அக்கா. குளித்து முடிப்பதற்குள் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. படுத்தால் அடங்கிவிடுகிறது. மனப்பதற்றம் என்கிறார்கள்.

பதில்: "படுத்தால் அடங்கிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் துப்பு இருக்கிறது. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். ரத்தக்குழாய் சரியாகச் சுருங்காவிட்டாலோ, ரத்தத்தின் அளவே குறைவாக இருந்தாலோ, மூளைக்கு ரத்தம் அனுப்ப உடம்பு நார்அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதன் வேலை. வெந்நீர் ரத்தக்குழாயை மேலும் விரிக்கும். அதனால் குளியலறையில் அதிகமாகத் தெரிகிறது.

வீட்டிலேயே அளக்கலாம். காலையில், காபிக்கு முன். 10 நிமிடம் அசையாமல் படுத்திருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க, தோளை மட்டும் சுவரில் சாய்த்து நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை, 10 நிமிடம் வரை குறிக்க வேண்டும். காலை ஆட்டாதீர்கள், கெண்டைக்கால் தசை அசைந்தால் ரத்தத்தை மேலே தள்ளிவிடும், அளவு தப்பாக வரும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள்.

ரத்த அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 கூடி (12 முதல் 19 வயதுவரை 40) அப்படியே நின்றால் பாட்ஸ் என்ற கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். மேல் அழுத்தம் 20, அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அது வேறு பிரச்சினை. எதுவானாலும் எழுதிய தாளோடு மருத்துவரிடம் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். ஆஸ்துமா இன்ஹேலரும் அளவு கூடிய தைராக்சின் (தைராய்டு மாத்திரை)கூடத் துடிப்பை ஏற்றும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஹீமோகுளோபின் நார்மல். இரும்புச்சத்து போதும்தானே?

பதில்: சொல்ல முடியாது. சேமிப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பாருங்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், ஆகவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் சேர்த்து.

கேள்வி: தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் எடுக்கிறேன்.

பதில்: சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் இதே போலிப் படத்தைக் காட்டும். தைராய்டுக்கு மாத்திரை ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லி, பயோட்டினைச் சில நாள் விட்டுவிட்டுப் பரிசோதனையை மறுபடி எடுங்கள்.

மறுப்பு: முதல் பதிலை ஏற்க மாட்டேன், மேடம். பயந்தாலும் நாடி ஏறும். தினமும் நடையைக் கூட்டினால் தானாகச் சரியாகிவிடும்.

பதில்: பயந்தால் ஏறும், உண்மை. ஆனால் உட்கார்ந்து பேசும்போது சும்மா இருந்துவிட்டு, நின்றால் மட்டும் ஏறி, படுத்தால் இறங்குவதை எப்படி விளக்குவீர்கள்?

நடையைக் கூட்டச் சொல்வதுதான் எனக்குக் கவலை. பல மாத அசதிக்குப் பின்னால் நாட்பட்ட சோர்வு நோய் (எம்.இ./சி.எஃப்.எஸ்.) இருக்கலாம்; அதில் சக்தியை மீறி உழைத்தால் அடி பெரும்பாலும் அன்றைக்கே விழாது, 12 முதல் 48 மணி நேரம் கழித்து விழும். திங்கட்கிழமை நடந்ததற்குப் புதன்கிழமை படபடப்பு வரும். நடையை மறந்து "காரணமே இல்லாமல் பதற்றம்" என்பார்கள். இந்த நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை வேண்டாம் என்று, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது.

அவரே: அப்படியானால் மனநல மருந்தே தேவையில்லையா?

பதில்: அப்படி நான் எழுதவில்லை. மனப்பதற்றமும் இந்த உடல் கோளாறும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், இரண்டுக்கும் மருத்துவம் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். தூக்க மாத்திரையையும் மனச்சோர்வு மாத்திரையையும் சட்டென்று விட்டால் அதுவே கடும் படபடப்பைக் கொண்டுவரும்.

கேள்வி: எனக்கும் நின்றால் படபடப்பு. என்ன செய்ய?

பதில்: முதல் பதிலில் சொன்னபடி அளந்து பாருங்கள். 10 நிமிடம் முழுசாக.

கேள்வி: பாட்ஸுக்கு உப்பு கூட்டலாமாமே?

பதில்: மருத்துவர் சொன்னால் மட்டும். உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு இருந்தால் ஆபத்து.

கேள்வி: எனக்கும் நிற்கும்போதுதான். கூடவே நேற்று இரண்டு முறை மயங்கி விழுந்தேன், நெஞ்சும் வலித்தது.

பதில்: நீங்கள் சுவரில் சாய்ந்து அளக்க வேண்டாம். இப்போதே அவசர சிகிச்சைக்குப் போங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள்.