தமிழில் கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

கோயம்புத்தூரிலிருந்து வந்து சில மாதங்களே ஆன நிலையில், உங்கள் நாலரை வயது மகன் பாலர் பள்ளியில் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து பேசுவதில்லை, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்கிறான், சமூகத் தொடர்பாடல் குறைபாடு இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள் என ஆசிரியை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது ஊர் மாறிய தயக்கமா, உண்மையிலேயே குறைபாடா, வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலமே பேச வேண்டுமா, யாரிடம் போவது என்பவை உங்கள் கேள்விகள். நான் மருத்துவர் அல்லள். ஆனால் இதே நகரத்தில் இதே கேள்விகளோடு என் மகளை வளர்த்தவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: உங்கள் மகன் தமிழில் எப்படிப் பேசுகிறான் என்பதைக் கேட்காத எவருடைய முடிவையும் இறுதியானதாக ஏற்காதீர்கள்.

தமிழை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு மூன்று மொழிகள் புழங்குவதால் எந்தக் குழந்தைக்கும் இந்தக் குறைபாடு வருவதில்லை. உண்மையிலேயே குறைபாடு இருந்தால், அது குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். ஒரு மொழியில் மட்டும் தடுமாற்றம் தெரிந்தால், அந்த மொழி இன்னும் பழகவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும். ஆங்கிலமும் மலாயும் ஒரே நேரத்தில் காதில் விழும் ஒரு வகுப்பறைக்குள் திடீரென்று உட்காரவைக்கப்பட்ட குழந்தை, சில மாதங்கள் பேசாமல் கவனித்துக்கொண்டே இருப்பது இயல்பு. வீட்டில் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் வாயே திறக்காத குழந்தைகளும் உண்டு. அது பதற்றம் சார்ந்த வேறொரு நிலை. அதைக் கண்டறியும்போதுகூட, பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தின் மௌனத்தையும் மொழி தெரியாததால் வரும் மௌனத்தையும் கணக்கில் கொள்ளக் கூடாது என்பது விதி. ஆகவே பள்ளியில் பேசுகிறானா என்பதைவிட, அவனுக்கு நன்கு பழகியவர்களோடு, அவனுக்கு நன்றாக வரும் மொழியில், அவன் எப்படிப் பேசுகிறான் என்பதே நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது.

சமூகத் தொடர்பாடல் குறைபாடு என்பது ஒரு தனி நோயறிதலாக, அமெரிக்க உளநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேட்டில்தான் இடம்பெற்றது. அது நான்கு திறன்களைப் பார்க்கிறது. வரவேற்பது, செய்தியைப் பகிர்வது போன்ற சமூகத் தேவைகளுக்குப் பேச்சைப் பயன்படுத்துவது ஒன்று. கேட்பவருக்கும் இடத்துக்கும் ஏற்பப் பேச்சை மாற்றிக்கொள்வது இன்னொன்று. முறைவைத்துப் பேசுவதும் நடந்ததைக் கதையாகச் சொல்வதும் மூன்றாவது. வெளிப்படையாகச் சொல்லாததை ஊகித்துக்கொள்வது நான்காவது. நான்கிலும் நிலையான தடுமாற்றம் இருக்க வேண்டும். அது அறிவுத்திறன் குறைபாட்டாலோ, சொற்களும் இலக்கணமும் வராததாலோ ஏற்பட்டதாக இருக்கக் கூடாது. நான்கு வயதுக்கு முன்பு இந்த முடிவு அரிதாகவே சொல்லப்படுகிறது, ஏனெனில் பேச்சு ஓரளவு வளர்ந்த பிறகுதான் அதைப் பயன்படுத்துவதில் உள்ள குறை கண்ணுக்குத் தெரியும். உங்கள் மகன் இப்போதுதான் அந்த வயதைத் தாண்டியிருக்கிறான். "காது குத்தாதே" என்றால் காதைத் தொட்டுப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள், அதை வைத்துக் கவலைப்பட வேண்டாம்.

என் மகளின் கதை இதை விளக்கும் என்று நினைக்கிறேன். முதலில் பார்த்த ஒருவர், ஒரே அமர்வில், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, மொழி வளர்ச்சி பின்தங்கியிருப்பதாக எழுதிக் கொடுத்தார். பின்னர் பார்த்த குழுவினர் பல அமர்வுகள் எடுத்துக்கொண்டார்கள். அவள் பாட்டியோடு தொலைபேசியில் பேசியதைக் கேட்டார்கள், படக்கதை ஒன்றைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். அவளுடைய தமிழில் சொல்லுக்கோ வாக்கிய அமைப்புக்கோ குறையே இல்லை. ஆனால் "அவன் தள்ளினான், அது விழுந்துவிட்டது, அவங்க திட்டினாங்க" என்று சொல்வாளே தவிர, யார் அவன், எது விழுந்தது என்பது பாட்டிக்குத் தெரியாது என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை; பாட்டி கேட்டால் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்வாள். தாத்தாவிடமும் தொட்டில் குழந்தையிடமும் ஒரே தொனி, ஒரே "நீ". அவளுக்கு மொழி இருந்தது. அதை எதிரே இருப்பவருக்காக வளைத்துக்கொள்ளும் திறன்தான் வளரவில்லை. நீ, நீங்கள் என்று ஆளறிந்து மாற்றுவதும் உறவுமுறை சொல்லி அழைப்பதும் ஆங்கிலச் சோதனைத் தாளில் எந்த இடத்திலும் தெரியப்போவதில்லை.

இனி மிகக் கவனமாகப் பிரித்தறிய வேண்டியது ஆட்டிசம். ஆட்டிசத்திலும் சமூகத் தொடர்பாடல் தடுமாற்றம் உண்டு; அதோடு திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தைத் தாங்காமை, ஒரே பொருளில் மிகுந்த ஈடுபாடு, ஒலி, தொடுகை, சுவை ஆகியவற்றில் வழக்கத்துக்கு மாறான உணர்திறன் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை இப்போது இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று வயதில் தெரிந்து பின்னர் மறைந்திருந்தாலும் கணக்கில் வரும் என்பதால், மருத்துவர் உங்களிடம் பழைய நினைவுகளை நெடுநேரம் கேட்பார். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தானா, பொம்மைகளை வரிசையாக அடுக்குவதோடு விளையாட்டு முடிந்துவிடுமா, மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுதானா, தனக்குப் பசித்தபோது "உனக்குப் பசிக்குது" என்று நெடுநாள் சொல்லிவந்தானா என்பதையெல்லாம் ஊரிலுள்ள பாட்டியிடமும் கேட்டு எழுதிவையுங்கள். ஆட்டிசம் என்ற சொல்லுக்கு அஞ்சி இவற்றை மறைக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மறைப்பதால் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவிதான் தவறிப்போகிறது.

சோதனை எப்போதும் காதிலிருந்து தொடங்க வேண்டும். அழைத்தால் திரும்புகிறான், ஆகவே கேட்கிறது என்று நாமே முடிவுசெய்யக் கூடாது. நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு பாதிக்கப்படும். பிறகு வளர்ச்சித் துறையில் பயிற்சி பெற்ற குழந்தைநல மருத்துவர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தேவைப்பட்டால் உளவியலாளர். விளையாட்டு வடிவில் குழந்தையைக் கவனிக்கும் ஏடாஸ் என்ற சோதனை ஆட்டிசத்தைப் பிரித்தறிய உதவுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டோரத்தி பிஷப் உருவாக்கிய 70 கூற்றுகள் கொண்ட, தொடர்பாடல் திறனைப் பார்க்கும் சரிபார்ப்புப் பட்டியலை, நான்கு வயது முதல் பதினாறு வயது வரையிலான குழந்தைகளுக்காகப் பெற்றோர் நிரப்புகிறார்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் எம்-சாட் என்ற, ஆட்டிசத்துக்கான 20 கேள்விப் படிவம் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்து வகுக்கப்பட்ட மதிப்பெண் அட்டவணையைக் கொங்குத் தமிழ் பேசும் சிறுவனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதை நல்ல சிகிச்சையாளர் தாமே சொல்வார். அவர் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு மறுபடியும் சோதித்து, குழந்தை எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பார். மொழி பழகாததால் மட்டும் பின்தங்கிய குழந்தை விரைவாகவே பிடித்துக்கொள்ளும்.

பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசாததை அடக்கம் என்று பழக்கிய வீடு உங்களுடையது என்றால், அதையும் சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது என்றால், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்தில் பேச்சு, செவித்திறன் துறைகளின் மருத்துவ மையம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், மகளிருக்கும் குழந்தைகளுக்கும் உரிய துங்கு அஜிஸா மருத்துவமனையிலும் குழந்தைநலப் பிரிவுகள் உள்ளன. அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டையும் குடியுரிமை உள்ளவர்களுக்கானது. உங்கள் கணவரின் நிறுவனக் காப்பீடு வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான மதிப்பீட்டையும் சிகிச்சையையும் ஏற்கிறதா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். தனியாரிடம் போவதானால், 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் அந்தச் சிகிச்சையாளர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் இந்நகரில் இருக்கிறார்கள், முன்பதிவு செய்யும்போதே தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள்; கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், ஆனால் அவர் நீங்களாக இருக்கக் கூடாது. பிள்ளை விட்ட இடங்களைத் தாயின் மனம் தானாகவே நிரப்பிவிடும். பள்ளியிடமிருந்தும் ஒரு குறிப்பு வாங்குங்கள்: "பேசுவதில்லை" என்ற முடிவு வேண்டாம், எந்த நேரத்தில், யாரிடம், என்ன சொன்னான் அல்லது செய்தான் என்ற விவரம் வேண்டும். வீட்டில் அவன் உறவுப் பிள்ளைகளோடு விளையாடும் காணொளிகள் சிலவற்றையும் கொண்டுபோங்கள்.

ஸ்டெம் செல் ஊசி, ஆக்சிஜன் அறை, உடலிலிருந்து நச்சு நீக்கும் மருந்து என்று விளம்பரம் செய்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். தயவுசெய்து அவர்கள் பக்கமே போகாதீர்கள். பேச்சைச் சமூகத்தில் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஊசியோ மாத்திரையோ கிடையாது, பொறுமையான பயிற்சிதான் உண்டு. "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், பொறு" என்று ஊரில் சொல்பவர்களுக்காகவும் காத்திருக்க வேண்டாம். காத்திருப்புப் பட்டியல்கள் நீளமானவை; தயக்கமாகவே இருந்தாலும் இப்போதே பெயரைக் கொடுத்து வைப்பதால் எந்த இழப்பும் இல்லை.

இங்கே தமிழில் முழுமையாகச் சோதிக்க வழி கிடைக்கவில்லை என்றால், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம். அங்கே தரும் அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள், எந்தெந்தப் பகுதி தமிழில் சோதிக்கப்பட்டது என்றும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். அப்போதுதான் இங்குள்ள மருத்துவரும் பள்ளியும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.