ஒட்டியாணப் பட்டை ஏன் வில்லாய் வளைகிறது?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. அடுத்த மாதம் பரதநாட்டியத்தில் முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜை. மெட்டல் ஒட்டியாணம் குத்துகிறது என்று அழுகிறாள். அதனால் மெரூன் வெல்வெட்டில், உள்ளே பக்ரம் (விறைப்புக்கு வைக்கும் கெட்டித் துணி) வைத்து, நானே ஒரு பட்டை தைத்தேன். மேலும் கீழும் ஜரிகை லேஸ், நடுவில் முத்துச்சரம். தைத்து முடித்ததும் பட்டை வில் மாதிரி வளைந்துவிட்டது. இடுப்பில் கட்டினால் உள்பக்கம் மடிந்து மடிந்து நிற்கிறது. முத்தும் இரண்டு இடத்தில் விட்டுப்போனது. எங்கே தப்பு செய்தேன்? – திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: பட்டையை மேஜை மேல் லேஸ் தெரிகிற மாதிரி போடுங்கள். இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் லேஸை இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள். இதைச் செய்யாதவர்கள் யாரும் இல்லை. மெஷினின் அடியில் இருக்கும் பல், பக்ரத்தைக் கடித்துப் பின்னால் தள்ளும். மேலே அழுத்துகிற பாதமோ லேஸை முன்னால் ஒதுக்கிக்கொண்டே வரும். நாலு அங்குலம் போனதும் லேஸ் கொப்புளம் மாதிரி எழும்பும். உடனே கை தானாக அதை இழுக்கும். அந்த இழுப்பு அப்படியே தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். பட்டை லேஸ் பக்கமாக வளையப் பார்க்கிறது, நீங்கள் அதை எதிர்ப்பக்கமாக வளைத்து இடுப்பில் கட்டுகிறீர்கள். அது முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்?

லேஸை இழுக்காமல் தைத்திருந்தாலும் பாதிப் பிரச்சினை இருந்திருக்கும். ஒரு கணக்கு சொல்கிறேன். வெல்வெட், பக்ரம், உள்துணி, லேஸ் எல்லாம் சேர்ந்து பட்டையின் கனம் 3 மி.மீ. என்று வையுங்கள். வட்டமாகச் சுற்றும்போது வெளிப்பக்கத்தின் சுற்றளவு உள்பக்கத்தைவிட 2 × 3.14 × 3, கிட்டத்தட்ட 19 மி.மீ. அதிகம். முக்கால் அங்குலம்! இடுப்பு சின்னதோ பெரியதோ, இந்த முக்கால் அங்குலம் மாறாது. மேஜையில் தட்டையாக வைத்து இரண்டு பக்கத்தையும் ஒரே நீளத்தில் தைத்துவிட்டால், கட்டும்போது உள்ளே மிஞ்சுகிற துணி எங்கே போகும்? மடிப்பாகத்தான் நிற்கும்.

அதனால் ஒட்டியாணப் பட்டையைத் தட்டையாகத் தைத்து முடிக்கவே கூடாது. உடம்பில் எப்படி உட்காருமோ அந்த வளைவிலேயே லேஸையும் உள்துணியையும் பிடிக்க வேண்டும். இடுப்பு 24 அங்குலம் என்றால் ஏழரை அங்குல விட்டமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று சமையலறையில் கட்டாயம் கிடைக்கும். இப்போதுள்ள தையலைப் பிரித்துவிட்டு, வெல்வெட்டையும் பக்ரத்தையும் மட்டும் அந்த டப்பாவைச் சுற்றி நாடாவால் கட்டுங்கள். அதன் மேல் லேஸைச் சும்மா படுக்க வையுங்கள், துளிகூட இழுக்காதீர்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு குண்டூசியைச் சாய்த்துக் குத்தி நிறுத்துங்கள். அப்புறம் டப்பாவிலிருந்து கழற்றி, நீளமாக ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிட்டுக் குண்டூசிகளை உடனே எடுத்துவிடுங்கள். வெல்வெட்டில் ஊசி அதிக நேரம் இருந்தால் தடம் விழும்.

இதற்கு மேல் மெஷினா, கையா? குழந்தையின் பட்டை என்றால் நான் கையால்தான் தைப்பேன். இரண்டு லேஸ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரம், மொத்தம் 96 அங்குலம். இரண்டு சாயங்கால வேலை. மெஷின்தான் வேண்டுமென்றால் 16-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை 3 மி.மீ.க்கு மேல் நீளமாக வைத்து, பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். லேஸின் இரண்டு ஓரத்தையும் ஒரே திசையில் தைக்க வேண்டும். போய்த் திரும்பி வந்தால் லேஸ் குறுக்கே சுருங்கும். ஜரிகை நூலால் தைக்க ஆசைப்படாதீர்கள், அது பிய்ந்து பிய்ந்து வரும். லேஸ் நிறத்திலேயே பாலியஸ்டர் நூல் போதும்.

உள்துணி கடைசியில். பட்டையை லேஸ் வெளியே தெரிய வளைத்து மடியில் வைத்துக்கொண்டு உள்துணியை விரித்தால், முக்கால் அங்குலம் போல மிஞ்சும். அதை வெட்டிவிட்டு எம்மிங் செய்யுங்கள். மடிப்புத் தொல்லை இத்தோடு சரி.

லேஸை வெட்டும் முன் வெட்டுகிற இடத்தில் செல்லோ டேப் சுற்றி, டேப்பின் நடுவில் வெட்டினால் இழை பிரியாது. பிறகு நுனியை அரை அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தால் போதும். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் ஜரிகை. வியர்வையில் கறுக்காது, ஆனால் சூடான அயர்ன் பாக்ஸ் பட்டால் சுருண்டுவிடும்.

முத்து விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். பல வருஷத்துக்கு முன் நான் தைத்துக் கொடுத்த ஒரு பட்டையில், ஜதி நடுவே சரம் அறுந்து மேடை முழுக்க முத்து உருண்டது. வெறுங்காலில் தட்டி ஆடுகிற பிள்ளை ஒரு முத்தை மிதித்தால் என்ன ஆகும்! நல்லவேளை, பிள்ளை சமாளித்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு உயிர் போய் வந்தது. தப்பு என்னுடையது. முழுச் சரத்தையும் ஒரே நூலில் ஓட்டியிருந்தேன். இப்போதெல்லாம் இரட்டை நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டு, இரண்டு முத்துக்கு ஒரு பிடிப்புத் தையல், ஒவ்வொரு அங்குலத்துக்கும் உள்பக்கம் ஒரு முடிச்சு என்று தைக்கிறேன். அறுந்தாலும் நாலைந்து முத்துதான் போகும். க்ளூ கன் பக்கமே போகாதீர்கள். மேடை வெளிச்சத்தின் சூட்டிலும் வியர்வையிலும் அந்தப் பசை இளகி, பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்து வரும்.

முத்தும் கல்லும் முன்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். இடுப்பில் கை வைத்து நிற்கிற இடத்தில் கல் இருந்தால் மணிக்கட்டைக் கீறும், மேலாக்கின் பட்டிலும் இழை இழுக்கும். பின்பக்கம் ஜடையைப் பட்டைக்குள் செருகுவீர்கள் இல்லையா, அங்கே சிக்கினால் முடியும் குஞ்சலமும் சேர்ந்து வரும். அங்கெல்லாம் வெறும் லேஸ் போதும். வெல்க்ரோவும் வேண்டாம், பட்டுத் துணியைப் பிடித்துக்கொள்ளும். பெரிய கொக்கியாக இரண்டு வைத்து, வளையத்தை இரண்டு வரிசையாகத் தையுங்கள். அளவை முழு டிரஸ் மேல், ஜடையும் செருகி, அரைமண்டியில் (முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் நிலையில்) உட்காரவைத்து எடுங்கள்.

பழைய தையலைப் பிரித்த ஓட்டைகள் தெரியுமோ என்று கவலை வேண்டாம். லேஸ் அதே இடத்தில்தானே வரப்போகிறது. எங்கேயாவது வெளியே தெரிந்தால், கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் அந்த இடத்தைப் பின்பக்கமாகக் காட்டி, பழைய பல் பிரஷ்ஷால் மென்மையாக நீவிவிடுங்கள். பூஜைக்கு ஒரு வாரம் முன்பே பட்டையைக் கட்டிவிட்டுக் குதித்து ஆடுகிற குதித்துமெட்டு அடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், செய்யச் சொல்லுங்கள். பட்டை மேலே ஏறினால், கொக்கி வளையத்தை அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துவிடலாம்.